ஐந்து கட்டங்களும் ஒரு கடல்சிங்கமும்

வால்டிவியாவில் ஜூன் மாதத்து மழைக்கு
நிற்கத் தெரியாது; மூச்சுவாங்கத்தான் தெரியும்.
அப்படி அது மூச்சுவாங்கிய ஒரு காலையில்
அறுபத்திரண்டு பேருக்கு அனுப்பிவைத்தேன்
நாற்பத்தொரு கேள்விகளை.
ஒவ்வொன்றின் கீழும் ஐந்து கட்டங்கள்:
ஒருபோதும் இல்லை, அரிதாக, சிலசமயம், அடிக்கடி, எப்போதும்.
பல்கலைக்கழக ஆசிரியர்கள்
கணினியை, கைப்பேசியை, திரையை
என்னவாகப் பார்க்கிறார்கள் என்பது என் ஆய்வு.
மேற்பார்வையாளரிடம் சொல்லும்போது
இதையே இன்னும் நீளமாகச் சொல்வேன்.

புள்ளியியல் பார்ரியா
நாற்பத்தொன்றுக்கும் 'எப்போதும்' என்று குறியிட்டிருந்தார்.
அவர் வகுப்பில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.
பதினான்கு வருடமாக அதே படவில்லைகள்.
ஏழாவதில் ஓர் எழுத்துப்பிழை.
மாணவர்கள் அதற்காகவே காத்திருந்து சிரிக்கிறார்கள்,
அவரும் அதற்காகவே
அங்கே கொஞ்சம் நிறுத்துகிறார்.

செவிலியர் துறை ரோசாலியா கத்ரிலேயோ
'அரிதாக' என்றார்.
பேசிய அரை மணி நேரத்தில்
அவர் கைப்பேசி ஒன்பது முறை அதிர்ந்தது.
ஊசியைத் தொட்டாலே கைநடுங்கும் ஒரு பெண்ணுக்கு
இரவு இரண்டு மணிக்கு அனுப்பிய குரல்செய்தியைப்
போட்டுக் காட்டினார்.
"இது கற்பித்தல்தானே?" என்றேன்.
"இல்லை, தூக்கம் கெடுவது" என்றார்.

மண்ணியல் ஆசிரியர் அனிபால் ஓயார்சூன்
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, கோட்டின் மேல்,
சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தார்.
மென்பொருள் அதை வெற்றிடம் என்று படித்தது.
விளக்கம் கேட்டபோது
மீன்சந்தைக்கு எதிரே இருக்கும் காபிக்கடைக்கு வரச்சொன்னார்.

பெருந்தொற்று வருடத்தில்
முப்பத்தேழு உறைகளில் மண் நிரப்பிப்
பேருந்து ஓட்டுநர்கள் கையில் கொடுத்தனுப்பினாராம்,
பாங்கிபுல்லிக்கு, லா உனியோனுக்கு, ரியோ புவேனோவுக்கு.
புதன்கிழமை, பத்து மணி.
திரையில் முப்பத்தேழு கறுப்புச் சதுரங்கள்.
மலையோரத்தில் படம் ஏறாது, குரல் மட்டும் வரும்.
"தண்ணீர் விடுங்கள். உள்ளங்கையில் உருட்டுங்கள்.
புழுவாக நீண்டால் களி, உதிர்ந்தால் மணல்.
இப்போது முகர்ந்து பாருங்கள்."
யாரும் பேசவில்லை.
முப்பத்தேழு வீடுகளில் மூச்சு உள்ளே போகும் சத்தம்
ஒரு சின்ன ஒலிபெருக்கியில் வந்தது.
"அது எத்தனையாவது கட்டம்?
நீங்களே சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்."

காபியைக் கலக்கினேன்,
சர்க்கரை போட்டிருக்கவில்லை.

வீட்டில் அந்தப் பதிவை
இன்னொரு மென்பொருளிடம் கொடுத்தேன்.
நான்கே நிமிடத்தில் பேச்சை எழுத்தாக்கித் தந்தது.
அதில் ஓயார்சூன் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார்.
பல்கலைக்கழகம் தந்த பயிற்சி போதுமானதா?
ஆம். ஆம். ஆம்.
புதிய தளம் வேலையைக் குறைத்ததா?
ஆம்.
இந்த மனிதரா?
காதில் மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன்.
அவர் இல்லை.
மீன்தலைக்காகப் படித்துறையில் காத்துக் கிடக்கும்
கடல்சிங்கம் ஒன்று குரைக்கிறது.
எண்ணிப் பார்த்தேன், பதினொரு முறை.

பத்தை அழித்துவிட்டேன்.

பதினொன்றாவது இப்படி:
அன்றைக்கு எல்லோரும் உண்மையிலேயே அங்கே இருந்தார்கள்
என்று நம்புகிறீர்களா, என்று கேட்கிறேன்.
ஒன்பது நொடி தகரக்கூரையில் மழை மட்டும்.
ஓயார்சூன் கோப்பையைக் கீழே வைக்கிறார்.
எதுவும் சொல்லவில்லை.
பிறகு, ஆற்றுப் பக்கமிருந்து,
ஆம்.

நேற்று மேற்பார்வையாளர்
அந்த வரிக்கு நேரே ஓரத்தில் எழுதியிருந்தார்:
'தெளிவான பதில். மேற்கோளாகத் தரலாம்.'
தரலாம்தான்.
யார் சொன்னதாக என்பதில்
நின்றுகொண்டிருக்கிறது என் நான்காம் அத்தியாயம்.